லோடர் டிராக்டர் சுமையில் நின்றுவிடுகிறது: டீசல் பம்பைக் கழற்றும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: செல்லம்பட்டி விவசாயி

வணக்கம். எங்களிடம் 35 குதிரைத்திறன் உள்ள மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் வாங்கிய வண்டி. வயது 30-ஐத் தாண்டிவிட்டது. உழவுக்கு வேறு டிராக்டர் வந்த பிறகு இதன் முன்பக்கம் லோடர் பொருத்தி, தொழுவத்துக் குப்பையை அள்ளவும், கோடையில் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை டிப்பரில் ஏற்றவும் வைத்திருக்கிறோம். இந்தச் சித்திரையில் வண்டல் வேலை தொடங்கியதிலிருந்து வண்டி படுத்தும் பாடு தாங்க முடியவில்லை.

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஐடிலிங்கும் சீராகவே இருக்கிறது. முக்கால் மணி நேரம் போல வேலை நன்றாக நடக்கிறது. அதன்பின் பக்கெட்டை நிறைத்துத் தூக்கும்போது இன்ஜின் சத்தம் மெல்லத் தணிகிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் இழுத்தாலும் ஏறுவதில்லை. கொஞ்ச நேரம் திக்கித் திணறிவிட்டு நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஓய்வு கொடுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது, ஆனால் அடுத்த முறை அதைவிடச் சீக்கிரமாக நிற்கிறது. கண்மாய்க் கரைச் சரிவில் நிறைந்த பக்கெட்டோடு மேலே ஏறும்போதுதான் அதிகம் நிற்கிறது. நிற்கும் நேரத்தில் கரும்புகை எதுவும் வருவதில்லை.

இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்றிவிட்டோம். ஏர் கிளீனரைக் கழுவிப் புது ஆயில் ஊற்றியாயிற்று. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஏர் எடுத்தும் பார்த்தாயிற்று. வந்து பார்த்த ஒரு மெக்கானிக், டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். இன்னொருவர், வெயிலில் டேங்க் சூடாகி டீசல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்கிறது என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, இப்போது பங்கில் கிடைக்கும் டீசலே பழைய இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார்.

பம்ப் வேலை என்றால் பணம் மட்டுமல்ல, வண்டல் அள்ளும் நாட்களும் போய்விடும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும். ஆகவே, பம்பைக் கழற்றுவதற்கு முன் வேலை நடக்கும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் என்னென்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். டேங்க் பானெட்டுக்குள் இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. வண்டியின் டீசல் பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உறுப்பு வரிசையாக உள்ள இன்லைன் பம்ப். அதன் பக்கவாட்டில் டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப், கையால் அழுத்தும் பிரைமரோடு இருக்கிறது.

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் புகையை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குக் காற்று போதாமல் இழுவை குறைந்தால் டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகை வரும். உங்கள் வண்டி புகையே இல்லாமல் தணிந்து நிற்கிறது என்றால், எரிவதற்கு வேண்டிய டீசலே உள்ளே போகவில்லை என்று பொருள். எனவே ஏர் கிளீனரை மறந்துவிடலாம். டீசல் ஆவியாகிறது என்ற பேச்சையும் விட்டுவிடலாம். பெட்ரோலுக்கு அப்படி நடப்பதுண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டேங்க் எவ்வளவு கொதித்தாலும், குழாயை அடைக்கும் அளவுக்கு டீசல் ஆவியாகாது.

அடுத்து, பம்ப் தேய்ந்துவிட்டதா என்ற கேள்வி. தேய்ந்த பம்ப் காலையில் முக்கால் மணி நேரம் முழு இழுவையும் கொடுத்துவிட்டு அதன்பின் சட்டென்று டீசலை நிறுத்துவது அபூர்வம். தேய்மானம் இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே சுணக்கம் தெரியும், இழுவை எப்போதும் குறைவாக இருக்கும். ஓய்வு கொடுத்தால் சரியாகிறது, மறுபடி ஓட்டினால் நிற்கிறது என்ற இந்தப் போக்கு, டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பாதையில் டீசல் தடைபடுவதைத்தான் முதலில் நினைக்கவைக்கிறது. ஆனால் நினைப்பு வேறு, சோதித்து உறுதிசெய்வது வேறு. அதனால் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். எதற்கும் பெரிய கருவி தேவையில்லை.

வண்டி நின்றதும் கால் மணி நேரம் காத்திருக்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். கோளாறு இருக்கும் நேரம் அது ஒன்றுதான். காத்திருந்தால் தடயம் போய்விடும். நின்ற உடனே, பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு, டேங்க் மூடியின் மேல் காதை வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் இறங்காது. வண்டல் புழுதியில் வேலை செய்யும் வண்டிகளில் இந்தத் துளை மண்ணும் டீசலும் சேர்ந்த பசையால் மூடிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்றுத் துளையே இல்லாத மூடியைக் கடையில் வாங்கி மாட்டிவிடுவதும் உண்டு.

மூடியில் சத்தம் இல்லையென்றால், அதே சூட்டில் ஃபில்டர் தலையிலுள்ள ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்திப் பிரைமரை அழுத்துங்கள். டீசல் குமிழி இல்லாமல் கட்டியாகப் பீறிட்டு வந்தால், ஃபீட் பம்ப் வரையும் அதற்கு அப்பால் ஃபில்டர் வரையும் வழி சரியாக இருக்கிறது, கோளாறு அதற்குப் பின்னால். நுரைத்துக்கொண்டு வந்தால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. பிரைமர் கனத்துப்போய், அழுத்தியதும் மேலே வராமல் உள்ளேயே நின்றுகொண்டால், ஃபீட் பம்புக்கு டீசல் வந்து சேரவில்லை. இந்த மூன்றில் எது நடக்கிறது என்பதை எழுதுங்கள். மேற்கொண்டு எங்கே கை வைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும். சைலன்சர் சூடாக இருக்கும், பீறிடும் டீசல் அதன் மேல் படாதபடி துணியை மறைவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் இணைப்பு தளர்ந்திருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரமே இல்லையே என்று அந்த இணைப்பைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவார்கள். உங்கள் வண்டியில் டேங்க் மேலே இருப்பதால், இரவு நிறுத்திவைத்திருக்கும்போது அந்த இணைப்பில் மெல்லிய கசிவு படிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒவ்வொரு பேன்ஜோ போல்ட்டையும் (குழாய் முனையைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்) ஓஸ் கிளிப்பையும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். அங்குள்ள செம்பு வாஷர்களைத் திரும்பத் திரும்பப் போட்டு முறுக்கியிருந்தால் அவை இறுகிப்போய்ப் பிடிக்காது. புதியது போடுவதே நல்லது.

இவ்வளவுக்கும் மேலாக ஐயத்தைத் தீர்த்துவைக்கும் சோதனை, வண்டியின் டேங்கையே விலக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய டீசலை நிரப்பி, டேங்க் இருக்கும் உயரத்துக்குக் குறையாமல் கெட்டியாகக் கட்டி, புது ஓஸ் ஒன்றின் மூலம் நேராக ஃபீட் பம்பின் வாயில் இணையுங்கள். கேனின் மூடி காற்று போகும்படி தளர்வாக இருக்கட்டும். கேனும் ஓஸும் சைலன்சருக்கு எட்டத்தில் இருக்கட்டும். வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டியும் நிறைந்த பக்கெட்டோடு வண்டி ஓடினால் பம்பின் மேல் குற்றமில்லை. அப்படியும் நின்றால் அப்போது பம்பைப் பற்றிப் பேசலாம். கேனில் டீசல் தீர்ந்து காற்று இழுத்துக்கொள்ளாமல் இடையிடையே நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சோதனையே குழம்பிவிடும்.

இந்த வேலைக்கு ஒரு மீட்டர் நீளம் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஓஸ் வாங்கிக்கொண்டால் உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் இளகிவிடும் என்பதால் வண்டியிலேயே விட்டுவிடக் கூடாது.

பதில்: வாடிப்பட்டி லோடர் ஓட்டுநர்

அண்ணன் சொன்னவற்றோடு, ஓட்டும் இடத்திலிருந்து கவனிக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்கிறேன். லோடர் வண்டியில், ஹைட்ராலிக் சுமையால் இன்ஜின் அமுங்குவதையும் டீசல் போதாமல் அமுங்குவதையும் பிரித்தறிய வேண்டும். பக்கெட்டை எல்லைவரை தூக்கியபின்னும் லீவரை விடாமல் பிடித்திருந்தால், அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து எல்லா இன்ஜினும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். ஆனால் நல்ல இன்ஜின் அந்த நேரத்தில் ஒரு குப்பென்ற கரும்புகையை விட்டுவிட்டுத் தாக்குப்பிடிக்கும். லீவரை விட்ட மறுகணமே ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) பழைய நிலைக்கு ஏறிவிடும். டீசல் போதாத இன்ஜின், லீவரை விட்ட பிறகும் ஏறாது. சுமையே இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை சத்தம் தணியும்போது உடனே லீவரை விட்டுப் பாருங்கள்.

சரிவில் சீக்கிரம் நிற்பதற்கு டேங்கின் சாய்வும் காரணமாக இருக்கலாம். டேங்கின் வெளிவாய் எந்தப் பக்கம் இருக்கிறது, டீசல் பாதிக்குக் கீழே இருக்கும்போதுதான் அதிகம் நிற்கிறதா என்று கவனியுங்கள். அதோடு, இன்ஜினை நிறுத்தும் கேபிளையும் பாருங்கள். பட்டனை உள்ளே தள்ளியும் பம்பிலுள்ள லீவர் முழுவதும் திரும்பாமல் பாதியில் நின்றால் இன்ஜினுக்குப் பாதி டீசல்தான் போகும். துருப்பிடித்த கேபிளில் இது சாதாரணமாக நடக்கும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் நின்றதும் பக்கெட் மேலேயே நிற்கிறதே என்று நம்பி யாரும் அதன் கீழே போகக் கூடாது. லீவரைத் தள்ளி இறக்கிவிட்டு, சரிவில் இருந்தால் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே பானெட்டைத் திறக்க வேண்டும்.

மறுமொழி: செல்லம்பட்டி விவசாயி

இருவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். நிறுத்தும் கேபிள் சரியாகத் திரும்புகிறது. சத்தம் தணிந்ததும் லீவரை விட்டுப் பார்த்தபோது ஆர்பிஎம் ஏறவில்லை. வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ் என்ற சத்தம் இல்லை. மூடியை முழுவதும் எடுத்துவிட்டு, டேங்கின் வாயில் துணியைக் கட்டி ஓட்டியபோதும் நின்றது. ஆகவே காற்றுத் துளை காரணம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நின்ற சூட்டிலேயே ஃபில்டர் திருகைத் தளர்த்திப் பிரைமரை அழுத்தியபோது முதலில் சிறிது டீசல் வந்தது, அதன்பின் பிரைமர் உள்ளேயே நின்றுவிட்டது. மெதுவாகத்தான் மேலே வந்தது. மறுநாள் கேனைக் கட்டி ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்தோம். காலையிலிருந்து உச்சிவேளைவரை, கரைச் சரிவு உட்பட, ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. இழுவையும் பழையபடி இருந்தது.

அதற்குப் பிறகு மீண்டும் வண்டியின் டேங்கோடு இணைத்து, நடுவில் ஒளிபுகும் ஓஸைப் போட்டுப் பார்த்தோம். முதலில் ஓஸ் நிறைய டீசல் ஓடியது. வண்டி தணியத் தொடங்கும்போது டீசல் அடியோடு ஒதுங்கி மெல்லிய கோடாகிவிட்டது. மேலே வெற்றாகத் தெரிந்தது. இடையிடையே பெரிய குமிழிகளும் வந்தன. எங்கோ காற்று புகுகிறதா, அல்லது இது வேறா?

பதில்: மதுரை பம்ப் காலிபரேஷன் பட்டறை

கேன் சோதனை தெளிவான தீர்ப்பைக் கொடுத்துவிட்டது. அந்தப் பம்பைக் கழற்ற வேண்டாம். எங்களிடம் வரும் பம்புகளில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் அளவெல்லாம் சரியாகக் காட்டுபவை உண்டு. உண்மைக் கோளாறு வண்டியிலேயே இருந்திருக்கும். கழற்றி மாட்டும்போது டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பிசகினால் இல்லாத கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

இதே கோளாறோடு இருக்கும் மற்றவர்களுக்காகப் பம்ப் பக்கச் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். கேனில் ஓட்டியும் சுமையில் நின்றால், இன்லைன் பம்பில் முதலில், மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ வால்வைப் பார்க்க வேண்டும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ இடையில் தூசி சிக்கித் திறந்தே நின்றாலோ, பம்பின் உள்ளறையில் அழுத்தம் நிற்காமல் டீசல் திரும்பிப் போய்விடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போகும் ஓஸை ஒரு நொடி லேசாக நசுக்கிப் பிடித்தால் இழுவை ஏறுகிறது என்றால் வால்வுதான் காரணம். ஃபீட் பம்பின் வாயில் சிறு வலை ஒன்று இருக்கும். புது ஃபில்டர் போடுபவர்கள் அந்த வலையைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஃபீட் பம்பின் தள்ளுதண்டு தேய்ந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும்.

சுழலும் ஒரே ரோட்டரால் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் தேய்மானம் வேறு விதமாகத் தெரியும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்; சூடாக நிறுத்திய பிறகு ஸ்டார்ட் ஆகாது. டீசல் சூட்டில் மெலிந்து, தேய்ந்த ரோட்டரின் இடைவெளியில் நழுவிவிடுவதே காரணம். இன்ஜினை நிறுத்திய நிலையில் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஆறவிட்டதும் ஸ்டார்ட் ஆனால் பம்ப் வேலைக்கு வர வேண்டியதுதான். ஓடும் பம்பின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரோட்டர் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய டீசலைப் பற்றிய பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசல். அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு) மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பு குறைவது உண்மையே. ஆனால் அதை ஈடுகட்டும் சேர்மானத்தோடுதான் விற்பனைக்கு வருகிறது, அதற்கெனத் தர அளவும் இருக்கிறது. பழைய பம்பைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் தூசியும் மண்ணெண்ணெய்க் கலப்பும்தான்.

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தி ஏர் எடுப்பவர்கள் கையை அருகில் வைக்க வேண்டாம். நாசில் 200 பார் அளவிலான அழுத்தத்தில் பீய்ச்சும். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல்தான் முதலில் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

நீங்கள் ஓஸில் பார்த்ததை நன்றாக விவரித்திருக்கிறீர்கள். இணைப்பில் காற்று புகுந்தால் சிறு குமிழிகள் ஸ்டார்ட் செய்ததிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு முதலில் நிறைந்து ஓடி, பிறகு கோடாக மெலிகிறது. மேலே அடைப்பு ஏற்பட்டு, ஃபீட் பம்ப் வெறுமையை இழுக்கிறது. அந்த வெற்றிட இழுப்பில்தான் ஏதோ ஒரு இணைப்பு கொஞ்சம் காற்றையும் விடுகிறது. பெரிய குமிழிகள் அப்படி வந்தவை. அடைப்பை நீக்கிய பிறகு அந்த இணைப்புக்குப் புது வாஷர் போட்டால் போதும்.

டேங்க் குழாயை ஃபீட் பம்ப் பக்கம் கழற்றி, சுத்தமான வாளியில் தானாக ஒழுக விடுங்கள். இரண்டு மூன்று லிட்டராவது ஓட வேண்டும். தொடக்கத்தில் வரும் வேகத்தைப் பார்த்துச் சரி என்று மூடிவிடாதீர்கள். முழுத் தாரையாக வந்து, நடுவில் நூலாக மெலிந்தால் டேங்குக்குள் ஏதோ மிதந்து வந்து வாயில் உட்காருகிறது. உறுதிசெய்ய, டேங்க் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் குழாய் வழியே கைப்பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். டேங்குக்குள் களகளவென்று சத்தம் கேட்டு, மறுபடி முழுத் தாரை வந்தால் சந்தேகமே வேண்டாம். மெலியாமல் கடைசிவரை முழுத் தாரையாக வந்தால் ரப்பர் ஓஸை மாற்றுங்கள். பழைய ஓஸின் உள்தோல் உரிந்து, இழுக்கும்போது மட்டும் மடங்கி அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

மறுமொழி: செல்லம்பட்டி விவசாயி

அடைப்பு கிடைத்துவிட்டது. வாளியில் ஒழுகவிட்டபோது முதல் இரண்டு லிட்டர் வரை விரல் தடிமன் தாரையாக வந்தது. பிறகு சட்டென்று நூலாகிவிட்டது. கைப்பம்பால் காற்றடித்ததும் டேங்குக்குள் களகளத்து, மீண்டும் முழுத் தாரை வந்தது. சிறிது நேரத்தில் மறுபடி மெலிந்தது.

டேங்கைக் காலிசெய்து, அடியிலுள்ள டேப்பை (டீசலை அடைத்துத் திறக்கும் குழாய்) கழற்றினோம். அதன் மேல் நிற்கும் வலைக்குழாயின் ஒரு பக்கம் கறுத்த வழவழப்பான பாசிபோன்ற ஒன்று அப்பியிருந்தது. அது மட்டும் என்றால் டீசல் எப்போதுமே குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியதால், டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வட்டமான, மெல்லிய அலுமினியத் தாள் ஒன்று கிடந்தது. ஆயில் கேன்களின் வாயில் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்குமே, அந்தத் தாள். காலி ஆயில் கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. கிழித்த தாள் கேனுக்குள் விழுந்து, டீசலோடு டேங்குக்குள் போயிருக்கிறது.

வண்டி நின்றதும் இழுப்பு நின்று, தாள் வலையை விட்டு விலகியிருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஓட்ட ஓட்ட மறுபடி வந்து ஒட்டியிருக்கிறது. சரிவில் ஏறும்போது டேங்க் சாய்ந்து தாள் வாய்ப் பக்கமே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் சீக்கிரமாக நின்றதற்குக் காரணம், தாள் முழுவதும் விலகாமல் அருகிலேயே கிடந்ததாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

டேங்கின் அடியில் தண்ணீரும் துருச் செதில்களும் இருந்தன. அதை எப்படிச் சுத்தம் செய்வது? ஓரிடத்தில் துருவால் பொடிப்பொடியாகத் தெரிகிறது, வெல்டிங் வைக்கலாமா?

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

தாள் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அந்தப் பாசிபோன்ற பசை, தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில் வளரும் நுண்ணுயிர். அடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் அது வளராது.

வெல்டிங் வேண்டவே வேண்டாம். டீசல் டேங்கைக் காலிசெய்து கழுவினாலும் மடிப்புகளில் தங்கியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி, நெருப்புப் பொறி பட்டதும் வெடிக்கும். உயிர்ப்பலி வாங்கும் வேலை அது. துரு ஆழமாக இருந்தால் டேங்கையே மாற்றிவிடுங்கள். மேலோட்டமாக இருந்தால் டேங்கை இறக்கி, இரண்டு கைப்பிடி நட்டுகளையும் கொஞ்சம் டீசலையும் உள்ளே போட்டு, எல்லாப் பக்கமும் உருட்டிக் குலுக்குங்கள். கலங்கல் நிற்கும்வரை டீசலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் நட்டுகளை எண்ணி எடுத்துவிடுங்கள், ஒன்று உள்ளே தங்கினாலும் அதுவே அடுத்த தலைவலி. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும்.

வலைக்குழாய் கிழியாமல் இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் கழுவி மாட்டலாம். கிழிந்திருந்தால் புதியது போடுங்கள், வலையில்லாமல் ஓட்டாதீர்கள். ஃபீட் பம்ப் வாயிலுள்ள சிறு வலையையும் கழற்றிப் பாருங்கள், துருத் தூள் அங்கேயும் வந்திருக்கும். புது ஃபில்டர்களை இன்னொரு முறை மாற்றத் தேவையில்லை, கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஏர் எடுக்கும்போது டேங்கிலிருந்து பம்பை நோக்கியே போக வேண்டும். முதலில் முதல் ஃபில்டரின் திருகு, அடுத்து இரண்டாவது ஃபில்டரின் திருகு, அதன்பின் பம்பிலுள்ள திருகு. ஒவ்வொன்றிலும் நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை பிரைமரை அழுத்தி, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். பிரைமரின் தலையைக் கடைசியில் இறுக்கிப் பூட்ட மறந்துவிட்டால் அதன் வழியாகவே காற்று புகும்.

டீசல் ஊற்றும் புனலில் மெல்லிய வலையோ இரண்டாக மடித்த பருத்தித் துணியோ இருக்கட்டும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்கோடு நிறுத்தினால் இரவுக் குளிரில் உள்ளே நீர்த்துளி படியும். வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஃபில்டர் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு அதன்பின் வண்டியை எடுங்கள்.